கார் இல்லாமல் வாழ மயிலாப்பூரில் வீடு தேடினோம்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் குடியிருந்தவரை ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கக்கூட வண்டியை எடுக்க வேண்டும். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. யாராவது கூட்டிப் போனால்தான் கோவில், யாராவது கூட்டிப் போனால்தான் டாக்டர். வாடகை ஒப்பந்தம் முடிகிற சமயம் பார்த்து, வீடு சின்னதானாலும் பரவாயில்லை, நகரத்துக்குள் நடந்தே காரியம் முடிகிற இடத்துக்குப் போய்விடுவோம் என்று முடிவு செய்தோம்.

தி.நகரை முதலில் பார்த்தோம். 2019இல் பாண்டி பஜாரில் போட்ட அகல நடைபாதையும், மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரை 2023இல் திறந்த ஆகாய நடைபாதையும் உண்மையிலேயே நல்ல வேலைகள். ஆனால் தீபாவளி, பொங்கல் நேரத்துக் கூட்டத்தில் அம்மாவால் வாசலைத் தாண்ட முடியாது. திருவல்லிக்கேணி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பக்கம் பார்த்தசாரதி கோவில், இன்னொரு பக்கம் மெரினா. எங்கள் கைக்கு எட்டிய வாடகையில் கிடைத்ததெல்லாம் செங்குத்தான மாடிப்படி வீடுகள், லிஃப்ட்டும் கிடையாது. முட்டிவலிக்காரரை வைத்துக்கொண்டு அங்கே குடிபோக முடியாது.

அப்புறம்தான் மயிலாப்பூர். என் அலுவலகம் தரமணியில். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் நேராகப் போய் இறங்கிவிடலாம்.

இங்கே இரண்டு வீடுகள் அமைந்தன. ஒன்று லஸ் பக்கம், கபாலீசுவரர் கோவில் குளத்துக்குக் கிட்ட. இன்னொன்று மந்தைவெளிப் பக்கம், கொஞ்சம் தள்ளி. மேப்பில் பார்த்தால் முதல் வீடுதான் சரி. முடிவெடுக்கும் முன் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு வீட்டிலிருந்தும் கோவிலைச் சுற்றியுள்ள மாட வீதிக்கு நடந்து பார்த்தோம். லஸ் பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் ஆர்.கே. மடம் சாலையைக் கடந்தாக வேண்டும். நடைபாதை கிட்டத்தட்ட முழங்கால் உயரம். ஏறி நாலு எட்டு வைத்தால் மின்வாரியப் பெட்டி, அதைத் தாண்டினால் குறுக்கே நிறுத்திய பைக், அதற்குமேல் ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டும். பஸ் உரசுகிற மாதிரி போகிறது. கடக்க நின்ற இடத்தில் அம்மா என் கையை விடவே இல்லை. மந்தைவெளி வீட்டிலிருந்து நடந்தால் நேரம் கூடுதலாகிறது. ஆனால் பெரிய சாலையைத் தொடாமல் சித்திரக்குளத்துத் தெருக்கள் வழியாகவே தெற்கு மாட வீதிக்கு வந்துவிடலாம். வழியில் மருந்துக்கடை, மாவு மில், உட்கார ஒரு கோவில் திண்ணை. தூரத்தைவிட வழிதான் முக்கியம் என்று அன்றே தெரிந்துவிட்டது. வீட்டில் எல்லோரையும்விட மெதுவாக நடக்கிறவர் யாரோ, அவரோடு நெரிசல் நேரத்தில் நடந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நாங்கள் எடுத்த அந்த மந்தைவெளி வீட்டைச் சொன்னவர் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர். 'டூ லெட்' பலகை தொங்குவதற்கு முன்பே எது காலியாகப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். மழைக்குத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும், குடிநீர் வாரியத்தின் மெட்ரோ வாட்டர் வராத நாளில் யார் லாரி வரவழைக்கிறார்கள் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொண்டோம். புரோக்கர் வழியாகப் போயிருந்தால் ஒரு மாத வாடகை கமிஷன்.

பல வீடுகளில் வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேட்ட கேள்வி, 'நீங்க வெஜ்ஜா?' மீன் சாப்பிடுவோம் என்று உள்ளதைச் சொன்னோம். சில கதவுகள் அதோடு சாத்திக்கொண்டன. அம்மா முன்னால் அதைக் கேட்க வேண்டியிருந்தது இன்றும் மனதில் உறுத்துகிறது. வாடகை ஒழுங்காகக் கொடுக்கிற மனிதர்களை அடுப்பில் என்ன வேகிறது என்று பார்த்து எடைபோடுவது சரியே இல்லை.

எங்கள் ஓனர் அதையெல்லாம் கேட்கவில்லை. அட்வான்ஸாகப் பத்து மாத வாடகை கேட்டார். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அதைத் தன்மையாக எடுத்துச் சொன்னேன். பேசிப்பேசி ஐந்து மாதத்துக்கு இறங்கி வந்தார். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். பதிவு எண் கையில் வந்த பிறகுதான் மீதிப் பணத்தைக் கொடுத்தேன். வீட்டுக்குத் தனி மின்மீட்டர் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஓனர் சொல்கிற ரேட்தான்.

இப்போது அம்மா தனியாகவே போய்க் காய்கறி வாங்குகிறார், விலை பேசி. ஆனால் லஸ் பக்கம் போகும்போது நான் கூடப் போகிறேன். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில் சந்திக்கின்றன. அந்த வேலைக்காக வைத்த தடுப்புகளுக்கு நடுவே பாதசாரிக்கு விட்டிருக்கும் இடம் போதாது. வேலை முடிந்ததும் நடைபாதையை முழுசாகத் திருப்பித் தர வேண்டும் என்று எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பக்கம் குடிவருகிறவர்களுக்கு இன்னொன்று: பங்குனி உற்சவ நாட்களில் சாமான் ஏற்றாதீர்கள். எட்டாம் நாள் அறுபத்துமூவர் ஊர்வலத்தன்று மாட வீதிகளை ஒட்டிய தெருக்களில் டெம்போ நுழையவே வழி இருக்காது. நாங்கள் தை மாதமே வந்துவிட்டோம்.