படத்தில் இல்லை

"சார், இதுல ஃப்ளாஷ்பேக் எத்தனாவது பக்கத்துல வருது?"

2019 அக்டோபர் கடைசி. கேட்டவன் பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன், கையில் பூமணியின் 'வெக்கை'. அந்த மாதம் 4-ஆம் தேதிதான் அந்த நாவலை வைத்து எடுத்த 'அசுரன்' படம் வெளியாகியிருந்தது. நான் அப்போது கரிசல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கிளை நூலகர். "இதுல ஃப்ளாஷ்பேக் கிடையாதுப்பா" என்றேன். எதையோ மேஜைக்கடியில் ஒளித்து வைத்துக்கொண்டு நான் தர மறுப்பதுபோல அவன் என்னைப் பார்த்தான்.

அந்தப் பிரதி அலமாரியில் இருந்ததில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் முன்பு பழுதான புத்தகங்களைக் கழிக்கப் பட்டியல் போட்டபோது அதையும் சேர்த்திருந்தேன். முதுகு பிய்ந்து, முன்னட்டை கையோடு வந்துவிட்டது. பின்னால் ஒட்டிய தேதிச் சீட்டில் ஏழெட்டு வருடத்துக்கு நான்கே முத்திரை. இதை இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பட்டியலில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதால் மேலிருந்து திரும்பி வந்தது. மறுபடி எழுதி அனுப்பச் சோம்பல். அந்தச் சோம்பல் காப்பாற்றிய புத்தகம் அது. படம் வந்த இரண்டு மாதத்தில் சீட்டில் ஒரு பத்தி முழுக்க நிரம்பி, புதுச் சீட்டு ஒட்டினேன்.

'வெக்கை' 1982-இல் வந்த நாவல். பதினைந்து வயது செலம்பரம், அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு இருட்டில் ஓடுகிறான். கையை மட்டும் எடுக்கத்தான் நினைத்தான், ஆள் செத்துப்போகிறார். அப்புறம் அய்யாவும் அவனும் காடு, மலை, கண்மாய் என்று ஒளிந்து திரிகிற சில நாட்கள்தான் கதை. அன்றைக்கு என்ன கிடைத்தது, எதைச் சுட்டுத் தின்றார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள், எந்த நிழலில் கண் அசந்தார்கள். பூமணி இதைத்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார். கோர்ட்டில் போய் நிற்பது என்று முடிவாவதுகூட ஆர்ப்பாட்டம் இல்லாமல் நடக்கிறது.

படத்தில் தனுஷ் இருக்கிறார். அவர் பதினைந்து வயதுப் பையனாக வர முடியாது, கதை அப்பா தோளுக்கு ஏறிவிடுகிறது. தோளுக்கு ஏறியதும் அந்த அப்பாவுக்கு ஒரு முன்கதை வேண்டும். செருப்புப் போட்டு நடந்ததற்காக அடிபடுகிற பெண், தலித்துகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், கூலிக்காரக் குடும்பங்களைக் குடிசைக்குள் வைத்து எரித்த 1968 கீழ்வெண்மணியை நினைக்க வைக்கிற தீ எல்லாம் அப்படி வந்து சேர்ந்தவை. படம் தேசிய விருது வாங்கியது, தனுஷுக்கும் கிடைத்தது. எனக்கும் படம் பிடித்தது. ஆனாலும் அந்தப் பையன் புத்தகத்தோடு படியிறங்கியபோது, நாலு நாளில் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

பதினைந்து நாள் கழித்து, கடைசி நாளில்தான் வந்தான். பிடித்ததா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "படம் பாக்கும்போது அப்பா எப்ப அடிப்பாருன்னே காத்துக்கிட்டு இருந்தேன் சார். இதுல அவங்க எப்ப சாப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

நாவலையும் படத்தையும் பற்றி அறிஞர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன், வாசகர் வட்டக் கூட்டங்களுக்கு நாற்காலி போட்டவன் என்ற முறையில் நிறையவே கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. நம்மை எதற்காகக் காத்திருக்க வைக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. சம்பவங்களைப் படத்துக்குத் தூக்கிப் போய்விடலாம். எத்தனை உண்மையாகத் தூக்கினாலும் அந்தக் காத்திருப்பு கூடப் போவதில்லை, படம் தனக்கென்று வேறொன்றைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படிச் செய்துகொண்டவர்களில் இயக்குநர் மகேந்திரன் கெட்டிக்காரர். 'உதிரிப்பூக்கள்' (1979) பார்த்துவிட்டுப் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைக் கேட்டு வருபவர்கள் வருடத்துக்கு ஒருவராவது உண்டு. வாசித்துவிட்டுக் குழம்பி நிற்பார்கள். கதையில் சுந்தரவடிவேலு ஒரு பேராசிரியர். ஊரே சேர்ந்து ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகும் அந்த வில்லன் அங்கே இல்லவே இல்லை. ஒரு பெயர், தாயில்லாத குழந்தைகள், வீட்டுக்குள் நுழையும் இன்னொரு பெண். இவ்வளவுதான் எடுத்துக்கொண்டார். புதுமைப்பித்தனுக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று ஒருவரும் என் மேஜையில் வந்து சண்டை போட்டதில்லை. 'மோகமுள்' (1995) தி. ஜானகிராமனின் நாவலை ஒட்டியே போன படம். அதற்குத்தான் சண்டை, அதுவும் அதில் வரும் சங்கீத குரு ரங்கண்ணாவுக்காக. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ரங்கண்ணா எங்கேய்யா? தி.ஜா. எழுதின ரங்கண்ணா எங்கே?" என்பார், நான்தான் படத்தை எடுத்த மாதிரி. ஒட்டிப் போகும்போதுதான் இடைவெளி கண்ணில் படும்போல.

சரி, இதெல்லாம் சில்லறை. 'பொன்னியின் செல்வன்' முதல் படம் வந்த 2022 செப்டம்பர் 30-க்கு அப்புறம் எங்கள் நூலகம் பட்ட பாடுதான் பாடு.

அந்த நாவல் எங்களிடம் ஒரே ஒரு செட். ஐந்து பாகம், ஐந்து பேரிடம் இருக்கும். மூன்றாம் பாகமான 'கொலைவாள்' ஒருவரிடம் மாட்டிக்கொண்டால், இரண்டை முடித்தவர் தினமும் வந்து நின்று, "வந்திருச்சா?" என்று கேட்பார். அந்த நீளமான கதையை மணிரத்னம் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்துக்குள், இரண்டு படமாக அடக்கினார். இரண்டாவது ஏழு மாதத்தில் வந்துவிட்டது. 1950-இலிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் காத்திருந்து படித்தவர்களின் நிலைமையை எங்கள் ஊரில் அனுபவித்தவர்கள் இந்த மூன்றாம் பாகத்துக்காரர்கள்தான்.

தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் ஒரு பெண் ஐந்தையும் வரிசையாக முடித்தார். "அண்ணே, எனக்கு வந்தியத்தேவன்னா கார்த்தி மூஞ்சிதான் வருது, மாத்தவே முடியல" என்று குறைப்பட்டுக்கொண்டார். தமிழாசிரியர் பக்கத்தில் இருந்தார். "எங்களுக்கு மட்டும் என்னம்மா, மணியம் வரைஞ்ச மூஞ்சிதான்" என்றார். அவர் சொன்னது நியாயம். தொடர்கதைக் காலத்து வாசகனுக்கு முகத்தைக் கற்பனை செய்துகொள்ளும் சுதந்திரம் எப்போது இருந்தது? 'தில்லானா மோகனாம்பாள்' தொடராக வந்தபோது கோபுலு வரைந்துவிட்டார், 1968-இல் சிவாஜியும் பத்மினியும் வந்தார்கள். 'தியாக பூமி' இன்னும் வேடிக்கை. 1939-இல் விகடனில் தொடர் வந்துகொண்டிருந்தபோதே, படத்தின் புகைப்படங்களைத்தான் கூடவே அச்சிட்டார்கள்.

அந்தப் பெண் திருப்பித் தந்த முதல் பாகத்தைப் புரட்டியபோதுதான் பென்சில் எழுத்தைப் பார்த்தேன். அவர் எழுதியது இல்லை, அவருக்கு முன்பே இருந்ததாம். முதல் அத்தியாயத்தில், வீரநாராயண ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்கள் வருகிற இடத்தில், ஓரத்தில் பொடி எழுத்தில்: 'படத்தில் இல்லை'. நான்கு பக்கம் தள்ளி மறுபடி. யாரோ ஒருவர் நாவலைப் படத்தோடு வரி வரியாகச் சரிபார்த்திருக்கிறார், கணக்குப்பிள்ளை சரக்கு சரிபார்ப்பதுபோல.

நூலகப் புத்தகத்தில் எழுதுவது குற்றம். ரப்பரை எடுத்து உட்கார்ந்தேன். அழிப்பதற்காகப் புரட்டியவன், அந்த எழுத்தை மட்டும் தொடர்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன். ஐந்து பாகத்திலும் இருந்தது. சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று உடைபடும் இடத்தில் பென்சில் தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தார். படத்தில் அந்தத் திருப்பமே கிடையாது. ஆதித்த கரிகாலன் சாவில் மட்டும் வேறு குறிப்பு: 'படத்தில் இருக்கிறது. இதில் இல்லை.' குத்தியது யார் என்று கல்கி அறுதியிட்டுச் சொல்லாமல் நழுவிவிடுவார், அந்த நழுவலை இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம். காமிராவால் அப்படி நழுவ முடியுமா? அது பார்த்துக்கொண்டு நிற்கிறதே, யார் கை என்று காட்டித்தானே ஆகவேண்டும்.

அதிகமாக எழுதியிருந்தது மணிமேகலை வருகிற பக்கங்களில். கந்தமாறனின் தங்கை, வந்தியத்தேவனை நினைத்து நினைத்துக் கரைகிற பெண். படத்தில் அவளே இல்லை. முதலில் அவள் வரும் இடமெல்லாம் 'படத்தில் இல்லை' என்றிருந்தது, போகப் போக 'பாவம்' ஆகிவிட்டது. நாவலே அவளோடுதான் முடிகிறது. 'மலர் உதிர்ந்தது!' என்ற கடைசி அத்தியாயத்தில், வந்தியத்தேவன் மடியில் அவள் உயிர் போகிற இடத்தில் எழுதியிருந்தார்: 'படத்தில் இல்லை. நல்லவேளை.'

இந்த 'நல்லவேளை'க்கு என்ன அர்த்தம் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. எடுத்துக் கெடுத்திருப்பார்கள் என்கிறாரா? எனக்கு அப்படித்தான் தோன்றியது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணிடம் காட்டினேன். "இல்லண்ணே, அத யாரு கண்ணால பாக்குறது" என்றார்.

ரப்பரை மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். எழுதியவர் யார் என்று இரவல் பதிவைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாம், தோன்றவில்லை.

2023 நடுவில் ஐந்து பாகமும் நைந்துபோய் பைண்டிங்குக்குப் போயின. பைண்டர் கெட்டியாகத் தைத்து, புது அட்டை போட்டு, ஓரத்தை வழவழவென்று வெட்டிக் கொடுத்தார். அரை விரல் அகலம் போய்விட்டது. இடது பக்கத்துக் குறிப்புகளில் 'இல்லை' மட்டும் மிச்சம், வலது பக்கத்தில் 'படத்தில்' மட்டும்.

அடுத்து எடுத்துப்போன பள்ளிக்கூடப் பிள்ளை இரண்டாம் நாளே புத்தகத்தை விரித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சார், ஓரத்துல 'படத்தில்'னு எழுதியிருக்கு. எந்தப் படத்துல சார்?"