கரண்ட் இல்லாத காலத்து மொத்துகை

1990க்குப் பிறகு சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரிக்கும் தடை. ஆய்வுகூடத்தில் மொத்துகைப் பரிசோதனைக்கு, அதாவது இரண்டு பொருள்களை மோதவிட்டுப் பார்ப்பதற்கு, துரொல்லிகள் என்ற சிறு சில்லு வண்டிகள் இருந்தன. அவற்றின் வேகத்தை நாடாவில் பதியும் கருவிதான் மின்சாரம் இல்லாமல் செத்துக் கிடந்தது. உயர்தரச் சோதனை மட்டும் எதற்கும் நிற்கவில்லை.

எங்கள் பௌதிகவியல் சேர் மணிக்கூடே தேவைப்படாத வழியொன்றைப் பிடித்தார். மேசைக்கு மேல் ஒரு மரச்சட்டம், அதில் ஒரே திணிவுள்ள இரண்டு உருண்டைகள். ஒவ்வொன்றும் இரட்டை நூலில் தொங்கும். ஒற்றை நூலென்றால் பக்கவாட்டில் ஓடிவிடும், நேருக்கு நேர் மொத்தாது. விடும் உயரத்தையும் மொத்தியபின் ஏறும் உயரத்தையும் அடிமட்டத்தால் அளப்போம். உயரம் தெரிந்தால் வேகம் தெரியும். "தள்ளாதை தம்பி, சும்மா கையை எடு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

இரும்பு உருண்டைகள் அழகாக நடந்துகொண்டன: வந்தது நிற்கும், நின்றது ஏறும். அப்புறம் களிமண். 40 சென்ரிமீற்றரில் இருந்து விட்டால், ஒட்டிக்கொண்ட இரண்டும் 10ஐத் தொடுவதே பெரும்பாடு. உந்தக் கணக்கு சரி: திணிவை வேகத்தால் பெருக்கினால் மொத்த முன்னும் பின்னும் ஒன்றே. திணிவு இரட்டிப்பு, வேகம் பாதி, ஆகவே உயரம் கால்வாசி. ஆனால் சக்தியில் பாதியைக் காணோம்.

"மிச்சம் எங்கை போச்சு?"

சத்தம் என்றான் ஒருவன், ஆணியில் உராய்வு என்றான் இன்னொருவன். சேர் உருண்டைகளைப் பிரித்து, நசிந்து தட்டையான முகத்தைக் காட்டினார். காய்ந்த மண்ணென்றால் இழப்புக் குறையுமே என்று நாங்கள் விடாமல் வாதாடினோம். குறையாது. ஒட்டிக்கொண்டால், மண் எதுவானாலும் பாதி போயே தீரும். உந்தம் அதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. நிற்கும் உருண்டை மூன்று மடங்கு பாரமென்றால் முக்கால்வாசி போகும், ஏற்றம் இரண்டரை சென்ரிமீற்றர்தான். எனக்கு இது ஜீரணிக்க வெகுநாள் எடுத்தது.

1687இல் வந்த தன் நூலில் நியூட்டனும் பத்தடி நூலில் உருண்டைகளைத் தொங்கவிட்டு, காற்றுத் தடைக்கும் கழித்துக் கணக்கிட்டிருக்கிறார் என்பதைப் புலம்பெயர்ந்த பிறகுதான் வாசித்தேன். கம்பளி உருண்டைகள் ஒன்றையொன்று நெருங்கிய வேகத்தில் 9க்கு 5 பங்குடன் விலகினவாம். கண்ணாடி 16க்கு 15.

சங்கத்தின் கரம் பலகைப் போட்டியில் அடிக்கும் வட்டான ஸ்ரைக்கர் காயின் பின்னாலேயே குழிக்குள் போனால் நான் திணிவைத்தான் குற்றஞ்சொல்வேன். அது 15 கிராம், காய் ஐந்து கிராம் சொச்சம். நேரே மொத்தினால் நிற்காது. என்னோடு சோடி சேர்பவர்கள் இதை நம்புவதில்லை.