டிரம்ஸ் ஸ்டாண்டு பாத்து வாங்குங்கப்பா

புதுசா செட்டு வாங்குற தம்பிங்க எல்லாம் ஷெல்லு, அதான் டிரம்மோட மரக்கூடு, என்ன மரம், சிம்பல், அதான் தட்டுற பித்தளைத் தட்டு, என்ன பிராண்டுன்னுதான் கேக்குறாங்க, அதெல்லாம் எந்தக் கம்பியில நிக்கப்போகுதுன்னு ஒருத்தரும் பாக்குறதில்ல. டாம்னு சொல்ற சின்ன டிரம்ம மாட்டுற கம்பி கம்பெனிக்கு கம்பெனி வேற, பேர்ல் (Pearl) கம்பெனில 7/8 இன்ச் குழாய், யமஹால அறுகோணக் கம்பி, ஒண்ணுக்கு ஒண்ணு சேராது, அதனால பழைய செட்டு எடுத்தா கம்பியப் புடிக்கிற பிராக்கெட்டையும் சேத்தே கேட்டு வாங்கிருங்க. கையால முறுக்குற ரெக்கை வச்ச விங் நட்டு பெரும்பாலும் 8 எம்எம், சிலதுல 6 எம்எம்.

சித்திரைத் திருவிழா டயத்துல இங்கிட்டு மேடைன்னாலே சவுக்குக் கம்பும் பலகையும்தான, காலால மிதிக்கிற பெரிய டிரம்மு, அந்தக் கிக்க அடிக்க அடிக்க எல்லாம் ஆடும். ஒவ்வொரு காலுக்கும் ஒரே பட்டை வச்ச ஒத்தப் பட்டைக் கால் ஸ்டாண்டு லேசா இருக்கும், தூக்க சுகம், ஆனா சிம்பல பக்கவாட்டுல நீட்டிப் புடிக்கிற பூம் கம்பி போட்டா சாஞ்சிரும், ரெட்டைப் பட்டைதான் எனக்குப் புடிக்கும், அதுலயும் பூம் நீட்டுற பக்கம் ஒரு கால் நேரா கீழ இருக்கணும். மெமரி லாக், அதான் கம்பிய வச்ச உயரத்துலயே நிறுத்துற வளையம், இருந்தா மாட்டிக்கோங்க, கம்பி இறங்காது, திரும்ப செட் பண்ற வேலையும் மிச்சம்.

அப்புறம் விங் நட்டைக் கொரடு வச்சு முறுக்காதீங்கய்யா, மரை போயிரும். வெயில் மேடையில வேர்வையும் புழுதியும் சேந்து அப்பிக்கும், துணியால தொடச்சிட்டு மரையில தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். சிம்பல் ஓட்டைக்குள்ள இருக்குற பிளாஸ்டிக் ஸ்லீவு தேஞ்சா உடனே மாத்திருங்க, இரும்பு உரசி ஓட்டை பெருசாயிரும், ஸ்லீவு கிடைக்கலேன்னா மீன்தொட்டிக்குப் போடுற டியூப்ப வெட்டி மாட்டுங்க, நல்லாவே ஓடும்.