குளியலறைச் சுவரில் ஒரு நகக்கண் அளவு

சிட்னியின் மேற்கே டூங்காபியில் நாங்கள் வாங்கிய வீடு 1962இல் கட்டப்பட்டது. சுவர் முழுவதும் ஃபைப்ரோ, அதாவது அஸ்பெஸ்டஸ் என்ற கனிம இழை கலந்திருக்கக்கூடிய சீமெந்து. மரச்சட்டத்தின் மேல் சாம்பல் நிறச் சீமெந்துத் தகடுகள், தகடும் தகடும் சேரும் இடத்தை மறைக்க ஒரு மெல்லிய பட்டி. போருக்குப் பிந்திய அவுஸ்திரேலியாவில் கூலிக் குடும்பங்களுக்குக் கைக்கெட்டிய வீடு அதுதான். இன்று நம்மவர்கள் இந்தப் பக்கத்தில் வாங்கித் திருத்தும் பழைய வீடுகளிலும் இப்படிப்பட்டவை நிறைய உண்டு.

குளியலறையில் நான்கைந்து டைல்ஸ் கழன்று விழுந்திருந்தன. தெரிந்தவர் மூலம் வந்த ஒரு வேலைக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை சுத்தியலோடு வருகிறேன், பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் உடைத்து வெளியே போட்டுவிடலாம்" என்றார். விலையும் குறைவு. மாமாவுக்கு அது பிடித்துவிட்டது. எழுபத்து நான்கு வயதிலும் கைவேலையை விடாதவர். "நானும் சேர்ந்து உடைக்கிறேன் பிள்ளை, கூலி மிச்சம். ஊரில் கூரைக்குப் போடுகிற சீற்தானே இது" என்றார்.

நான் மறித்துவிட்டேன். நான் சுவாச நோய்ப் பிரிவில் தாதி. அங்கே ஒரு மூதாட்டியைப் பல வாரங்கள் பார்த்துக்கொண்டேன். வாழ்நாளில் ஒரு தகட்டைக்கூட அறுத்தவரல்லர். கணவர் தச்சர், இப்படிப்பட்ட தகடுகளை அறுப்பவர். மாலையில் அவருடைய தூசி படிந்த வேலை உடுப்பை வாசலில் உதறிவிட்டுத் துவைப்பது இவர் வழக்கம். நாற்பது ஆண்டுகள் கழித்து நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் புற்றுநோய். அஸ்பெஸ்டஸ் இழையைச் சுவாசிப்பதால் வரும் மீசோதீலியோமா என்கிற அந்த நோய் அப்படித்தான், இருபது முப்பது ஆண்டுகள், சிலரிடம் ஐம்பது ஆண்டுகள்கூட உள்ளே பதுங்கியிருக்கும். அந்த அம்மா மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்த பிறகு, சுத்தியல் என்ற சொல்லே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவுஸ்திரேலியா அஸ்பெஸ்டஸை முற்றாகத் தடை செய்தது 2003 டிசம்பர் 31இல்தான். 1990க்கு முன் கட்டிய வீடு என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சுவரோடு அது முடிவதுமில்லை. தரையின் வினைல், கூரை விளிம்பின் அடிப்பக்கம், மின்மானி பொருத்திய கறுப்புப் பலகை என்று எங்கும் ஒளிந்திருக்கலாம். தகடு முழுசாக, வர்ணம் பூசி, அசையாமல் இருக்கும்வரை ஆபத்து மிகக் குறைவு. அறுக்கும்போது, துளைக்கும்போது, உடைக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் ஏறுகின்றன. அதாவது, ஆசையாக வீட்டைத் திருத்தத் தொடங்கும் அந்த நாளில்தான்.

பரிசோதகர் வந்தார். தரையில் பிளாஸ்டிக் விரித்தார், முகக்கவசத்தை அழுத்திப் பொருத்தினார். டைல்ஸ் விழுந்த மூலையில் தண்ணீர் தெளித்து, நனைந்த இடத்தில் உளி முனையை மெல்லக் கொடுத்தார். நகக்கண் அளவு ஒரு துண்டு வந்தது. ஒரு பையில் இட்டு மூடி, அதை இன்னொரு பையில் இட்டு, இடமும் தேதியும் எழுதினார். வெட்டிய இடத்தைப் பசையால் அடைத்தார், உளியை ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் பையில் போட்டார். பைக்குள் இருந்த துண்டை உற்றுப் பார்த்தேன். உடைந்த ஓரத்தில், பூனைக்குட்டியின் காது மயிர் போல, சில வெண்ணிழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். முடிவு: கிரைசோடைல், அமோசைட். வெள்ளை அஸ்பெஸ்டஸும் பழுப்பு அஸ்பெஸ்டஸும். அந்தப் பரிசோதனைக்கு நாங்கள் கொடுத்த பணம், நான் தேர்ந்தெடுத்திருந்த தண்ணீர்க் குழாயின் விலையைவிடக் குறைவு.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், இழை சீமெந்தோடு இறுகிய தகடு 10 சதுர மீட்டருக்கு மேல் போனால் உரிமம் பெற்றவரே அகற்ற வேண்டும். அதற்குள் என்றால் வீட்டுக்காரரே கழற்றலாம். எனக்கு அந்தச் சலுகையில் உடன்பாடு இல்லை. நுரையீரலுக்குச் சதுர மீட்டர் கணக்குத் தெரியாது.

உரிமம் பெற்றவர்கள் ஐந்து நாள்களுக்கு முன்பே அரசுக்கு அறிவித்துவிட்டு வந்தார்கள். அயல் வீடுகளுக்கும் சொல்லியாயிற்று. தலைமுதல் மூடும் வெள்ளை உடுப்பு, நாடா இல்லாத காலணி. நாடாவின் முடிச்சில் தூசி சிக்கினால் துடைத்தெடுக்க முடியாதாம். வாசலைப் பிளாஸ்டிக்கால் அடைத்தார்கள். மின்கருவி எதுவும் இல்லை, விளக்குமாறும் இல்லை. தகட்டை நனைத்து, ஆணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, டைல்ஸ் ஒட்டியபடியே முழுத் தகடாக இறக்கினார்கள். தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, எச்சரிக்கை எழுதி, அனுமதி பெற்ற குப்பை நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். வேறொருவர் வந்து பார்த்து, இடம் சுத்தம் என்று எழுதித் தந்த பிறகே நாங்கள் உள்ளே போனோம்.

மாமா அன்று முழுவதும் பக்கத்து வளவில் கதிரை போட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசவில்லை. இரவு சாப்பிட்டபின், "அப்போ ஊரில்?" என்று மட்டும் கேட்டார்.

இலங்கை நீல அஸ்பெஸ்டஸை 1997இல் தடை செய்தது. வெள்ளையை 2018 முதல் நிறுத்த முடிவெடுத்தபோது, அதை ஏற்றுமதி செய்யும் ரஷ்யா, 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் இருந்த ஒரு வண்டைக் காரணம் காட்டி நம் தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. இலங்கை தன் அஸ்பெஸ்டஸ் தடையிலிருந்து பின்வாங்கியது. அந்தச் செய்தி இன்றும் எனக்கு ஆறவில்லை. நம் ஊர்க் கூரைகளில் அந்தச் சீற் இன்னும் இருக்கிறது.

மாமா யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் இருக்கும் தம்பியை அழைத்தார். "கூரையைக் கழற்றினால் நனைத்துக் கழற்று தம்பி. வாள் போடாதே. கீழே எறியாதே" என்றார். மறுமுனையில் அந்தத் தம்பியின் குரல் எனக்கும் கேட்டது. "போன வருடம் கழற்றிய பழைய சீற்றை உடைத்து, சேறு படாமல் இருக்கக் கிணற்றடியில் பரப்பிவிட்டோமே அண்ணை."

மாமா தொலைபேசியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பேரப்பிள்ளைகள் குளிப்பதும் விளையாடுவதும் அந்தக் கிணற்றடியில்தான்.

"கூட்ட வேண்டாம், கிளற வேண்டாம் என்று சொல்லுங்கள் மாமா. பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். நன்றாக நனைத்துவிட்டு, மேலே மண் கொட்டி மூடச் சொல்லுங்கள்."

அவர் அதை ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார்.