ராம்சே தெருவில் கற்ற தொழில்

ஆஸ்திரேலிய நடிகை மார்கோ ராபியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 2013இல் வெளியான 'தி உல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்'டில்தான் தொடங்குவார்கள். மார்ட்டின் ஸ்கோர்செஸி படம், லியனார்டோ டிகாப்ரியோவுக்கு மனைவி வேடம், வயது 23. அங்கிருந்து பார்த்தால் அழகுக்கு அடித்த யோகம் போலத்தான் தெரியும். நடிப்பை வேலையாகப் பார்ப்பவர்கள் இன்னும் ஐந்து வருடம் பின்னால் போகவேண்டும். மெல்பர்னின் கிழக்கே நூனவாடிங் என்ற புறநகரில் ஒரு டிவி ஸ்டூடியோ. வாரத்துக்கு ஐந்து எபிசோடு என்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஒரு மெகா சீரியல். அதுதான் அவருடைய பட்டறை.

பிறந்தது 1990 ஜூலை 2, குயின்ஸ்லாந்தின் டால்பியில். வளர்ந்தது கோல்ட் கோஸ்ட் பக்கம், அம்மாவிடம். பதினாறு வயதிலேயே சாண்ட்விச் கடை, வீடு துப்புரவு, மதுக்கூடம் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தவர். 17 வயதில் மெல்பர்ன் வந்தார். 2008 ஜூனில் 'நெய்பர்ஸ்' என்ற அந்த மெகா சீரியலில் டோனா ஃப்ரீட்மன் என்ற பெண்ணாகத் திரையில் தோன்றினார். கொஞ்ச நாளைக்கு என்று எழுதிய பாத்திரம், சீக்கிரமே நிரந்தர நடிகர் பட்டியலில் ஏறிவிட்டது.

'நெய்பர்ஸ்' 1985 மார்ச் 18இல் செவன் நெட்வொர்க்கில் தொடங்கியது. அவர்கள் கைவிட்டதும் அடுத்த வருடமே டென் நெட்வொர்க் எடுத்துக்கொண்டது. கதை நடப்பது ராம்சே தெரு என்ற முட்டுச்சந்தில். நிஜத்தில் அது வெர்மான்ட் சவுத்தில் உள்ள பின் ஓக் கோர்ட். அந்த வீடுகளில் சாதாரணக் குடும்பங்கள் வசிக்கின்றன. வாசலும் தெருவும் மட்டும் அங்கே எடுத்தார்கள். கூடம், சமையலறை, படுக்கையறை எல்லாம் ஸ்டூடியோவில் போட்ட செட்.

புதுசாக வரும் நடிகருக்கு முதல் அடி இங்கேதான் விழும். வாசற்கதவைத் திறந்து நுழைவது தெருவில் ஒரு நாள். கூடத்துக்குள் கால் வைப்பது ஸ்டூடியோவில் வேறொரு நாள். திரையில் இரண்டும் ஒரே நொடி. பை எந்தத் தோளில் இருந்தது, சாவி எந்தக் கையில் என்பதையெல்லாம் கன்டினியூட்டி பார்ப்பவர் குறித்து வைத்திருப்பார். எத்தனை கோபத்தோடு கதவைத் திறந்தோம், மூச்சு எவ்வளவு வாங்கியது என்பதை அவரால் குறிக்க முடியாது. அது நடிகர் பொறுப்பு. வெளியே கொதித்துக்கொண்டு வந்தவள் உள்ளே வந்ததும் ஆறிப்போய் நின்றால் எடிட்டிங்கில் ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்டூடியோவில் ஒரே நேரத்தில் பல கேமராக்கள் ஓடும். இயக்குநர் கட்டுப்பாட்டு அறையில் மானிட்டர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சொல்வதை ஹெட்செட்டில் கேட்டு ஃப்ளோர் மேனேஜர் நடிகர்களிடம் சொல்வார். யார் எங்கே நிற்கவேண்டும் என்று தரையில் கலர் டேப் ஒட்டியிருக்கும், ஆளுக்கு ஒரு நிறம். அதைக் குனிந்து பார்க்கக் கூடாது. அரை அடி தள்ளி நின்றால் நம் நிழல் எதிரில் இருப்பவர் முகத்தில் விழும், இல்லாவிட்டால் இன்னொரு கேமராவை மறைத்துக்கொண்டு நிற்போம். பழகியவர்கள் செய்வது எளிது: ரிகர்சலில் டேப் மீது நின்றுகொண்டு, தொடங்கும் இடத்துக்குப் பின்னோக்கி நடந்து அடிகளை எண்ணிக்கொள்வார்கள். ஐந்து என்றால் டேக்கில் முன்னோக்கி ஐந்து. கூடவே சோபாக் கைப்பிடி தொடையில் உரசும் இடம் போல ஒரு அடையாளமும் வைத்துக்கொள்வார்கள். அழுகைக் காட்சியென்று சொல்லிப் பத்து டேக் எல்லாம் கேட்க முடியாது. இரண்டு மூன்றில் முடியவேண்டும்.

மனப்பாடத்தைவிடக் கஷ்டமானது வரிசை. ஒரு செட்டில் நடக்கும் காட்சிகளையெல்லாம், அவை எந்த எபிசோடில் வந்தாலும், சேர்த்து எடுத்துவிடுவார்கள். காலையில் வியாழக்கிழமை எபிசோடு, மதியம் திங்கட்கிழமை எபிசோடு. காதலன் ஏமாற்றியது புதன் எபிசோடில்தான் அவளுக்குத் தெரியும் என்றால், மதியம் அவனைப் பார்க்கும் பார்வையில் அது கசியக் கூடாது. அதனால் ஒவ்வொரு காட்சியின் முதல் பக்கத்திலும் மூன்று குறிப்பு எழுதி வைப்பது நல்லது: எங்கிருந்து வருகிறாள், இதுவரை என்ன தெரியும், இப்போது என்ன வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள்; அப்புறம் காட்சி முழுக்க வசனம் ஒப்பிப்பார்கள்.

இந்தப் பட்டறைக்கு ஒரு கெடுதலும் உண்டு. வேகமாக முடிவெடுத்துப் பழகியவர்களுக்குக் கைவசம் பத்துப் பதினைந்து முகபாவங்கள் சேர்ந்துவிடும். எபிசோடு முடியும் இடத்தில் மூன்று நொடி உறைந்து நிற்கும் பார்வை அவற்றில் மோசமானது. அதை உதறத் தெரியாதவர்கள் சினிமாவில் காலூன்றவில்லை. இதே தொடரிலிருந்து சினிமாவுக்குப் போன நடிகர் கை பியர்ஸ் உதறினார். ராபியும் உதறினார், ஆனால் சீரியலை ஏளனமாகப் பேசியதில்லை. 2022இல் தொடர் நிறுத்தப்பட்டபோது, ஓடிய வருடத்துக்கு ஒன்று வீதம் படக்குழுவுக்கு 37 பாட்டில் ஷாம்பெயின் அனுப்பினார். கடைசி எபிசோடிலும் சில நொடி தலைகாட்டினார். (அமேசான் பிறகு தொடருக்கு மறுபடி உயிர் கொடுத்ததும், 2025இல் அதுவும் முடிந்ததும் வேறு விஷயம்.)

சீரியலில் இருந்தபோதே அமெரிக்க உச்சரிப்புக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டதும் சம்பளத்தைச் சேர்த்து வைத்ததும் யோசித்துச் செய்த காரியங்கள். ஆஸ்திரேலிய நாக்கு 'கார்' என்பதில் கடைசி 'ர்'ரை விழுங்கி 'கா' என்று நிறுத்தும். 'மேட்' என்பதை 'மைட்' பக்கம் இழுக்கும். அமெரிக்கராகப் பேச 'ர்'ருக்கு நாக்கை உள்ளே சுருட்டவேண்டும். அது ஒரு மாதத்தில் வந்துவிடும். லேசில் போகாதது எதிர்த்திசைப் பிழை. 'ஐடியா ஆஃப்' என்று வரும் இடத்தில் இல்லாத 'ர்' ஒன்று நுழைந்து 'ஐடியார் ஆஃப்' ஆகிவிடும். நிதானமான வசனத்தில் பிழை வராது. கத்தும்போதும், வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலும்தான் நழுவும். அதனால் உச்சரிப்புக்குச் சண்டைக் காட்சிகள்தான் நல்ல சோதனை. இதில் ஒரு வேடிக்கை: 'உல்ஃப்' படத்தில் அவர் பேச வேண்டியிருந்தது நியூயார்க்கில் புரூக்ளினின் பே ரிட்ஜ் பகுதிப் பேச்சு. பழைய புரூக்ளின்காரர்களும் 'ர்'ரை விழுங்குபவர்கள்தான். கஷ்டப்பட்டுச் சேர்த்ததை மறுபடி எடுக்க வேண்டும், ஆனால் ஆஸ்திரேலிய மாதிரி எடுக்கக் கூடாது.

2011 ஜனவரியில் டோனா விடைபெற்றாள். அப்போதெல்லாம் வருடத் தொடக்கத்து மாதங்கள்தான் அமெரிக்கச் சேனல்கள் புதுத் தொடர்களுக்கு மாதிரி எபிசோடு எடுக்கும் பருவம். அந்தக் கணக்கில் கிளம்பியவருக்கு 'பான் ஆம்' தொடர் கிடைத்தது. 14 எபிசோடில் அது முடிந்துபோனது. அடுத்து வந்தது ஸ்கோர்செஸி பட ஆடிஷன். டிகாப்ரியோவுக்கு முத்தம் கொடுக்கவேண்டிய இடத்தில் கன்னத்தில் அறைந்தார் என்ற கதையைக் கேட்காதவர் இல்லை. அதைப் படித்துவிட்டு ஆடிஷனில் கை நீட்டும் புதியவர்கள் கவனிக்கவேண்டும்: எதிரில் இருப்பவரிடம் பேசிக்கொள்ளாமல் அடிப்பது தொழிலில் தவறு. அது ஒருமுறை பலித்தது, அவ்வளவே. படப்பிடிப்பில் அறை என்பது முகத்துக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் கை வீசுவது. கேமரா அடிப்பவர் தோளுக்குப் பின்னால் இருந்து அந்த இடைவெளியை மறைக்கும். வாங்குபவர் சரியான நொடியில் தலையைத் திருப்புவார். சத்தம் பிறகு சேரும்.

உடம்பு எவ்வளவு கேட்கும் என்பது தெரிய 2017இல் வந்த 'ஐ, டோன்யா'வைப் பார்க்கவேண்டும். அதில் ராபி நடித்தது பனித்தளத்தில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை டோன்யா ஹார்டிங்காக. ஹார்டிங் 1991இல் மினியாபொலிஸில் நடந்த தேசியப் போட்டியில் டிரிபிள் ஆக்செல் என்ற தாவலைச் செய்து முடித்த முதல் அமெரிக்கப் பெண். மற்ற தாவல்களில் பின்னோக்கிப் போய்க்கொண்டே எம்புவார்கள். ஆக்செலில் முன்னோக்கிப் பாய்ந்து பின்னோக்கி இறங்கவேண்டும். அதனால் கூடுதலாக அரைச் சுற்று. டிரிபிள் என்று பெயர் இருந்தாலும் காற்றில் மூன்றரைச் சுற்று.

ராபி நியூயார்க்கில் பொழுதுபோக்காக ஐஸ் ஹாக்கி ஆடியவர். பாதி வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் அது வேறு ஒரு தொந்தரவு. ஹாக்கி ஷூவின் பிளேடு நுனி வழுவழுப்பாக இருக்கும். ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடின் நுனியில் ரம்பப் பல் உண்டு. ஹாக்கிக்காரர் பழக்கதோஷத்தில் முன்பாதத்தில் எடை போட்டால் அந்தப் பல் பனியில் குத்தி முகம் குப்புற விழ வைக்கும். நடன அமைப்பாளர் சாரா கவஹாராவிடம் நாலைந்து மாதம் பயிற்சி எடுத்தார். கழுத்தில் வட்டு பிதுங்கியதும் அந்த உழைப்பில்தான்.

அத்தனை பயிற்சி எடுத்தும் தாவல்கள் டூப்புகளுடையவை. டிரிபிள் ஆக்செலை டூப்பாலும் செய்ய முடியவில்லை. செய்யக்கூடிய பெண்கள் அப்போது உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருந்தார்கள். அதைக் கணினியில் சேர்த்தார்கள். அப்படியென்றால் நாலைந்து மாதம் வீணா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. தாவலுக்கு முந்தைய பத்து நொடி, இறங்கிய பிறகான பத்து நொடி, கையை விரித்து நிற்கும் திமிர், மூச்சிரைப்பு எல்லாம் நடிகருடையது. டூப் உடம்பில் நடிகர் முகத்தை ஒட்டும்போது தலையின் சாய்வும் கழுத்தின் இழுப்பும் பொருந்தவேண்டும். ஸ்கேட்டிங் தெரியாத கழுத்து அங்கே காட்டிக்கொடுத்துவிடும். இது போதாதென்று பனித்தளம் வேறு. நாலு டேக் போனால் மேற்பரப்பு கீறலாகிவிடும், வண்டி விட்டு மட்டப்படுத்தி உறைய விடவேண்டும். அந்த நேரத்தில் நடிகர் உடம்பு குளிர்ந்து இறுகும். அடுத்த டேக்கில் சுளுக்குவது இதனால்தான்.

அந்தப் படம் சுமார் 1.1 கோடி டாலரில், 31 நாளில் எடுத்தது. நடிகையின் பெயர் தயாரிப்பாளர் பட்டியலிலும் இருந்தது. அவருக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை அதில்தான். ஆனால் தொழில்ரீதியாக முக்கியமானது அவருடைய சொந்தத் தயாரிப்பு நிறுவனமான லக்கிசாப்.

அது 2014இல் தொடங்கப்பட்டது. பங்காளிகள் யார் என்று பார்த்தாலே அவர் செட்டில் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது புரியும். டாம் ஆக்கர்லி, ஜோசி மக்னமாரா இருவரும் ராபி நடித்த 'சுவீட் ஃப்ரான்செஸ்' படத்தில் உதவி இயக்குநர்கள். சோஃபியா கெர் சிறுவயதுத் தோழி. (ஆக்கர்லியை 2016இல் திருமணம் செய்துகொண்டார்.) உதவி இயக்குநரின் வேலை கற்பனையல்ல, கணக்கு. திரைக்கதைப் பக்கத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, ஒரு காட்சி 'ஒன்றே மூன்றெட்டுப் பக்கம்' என்று அளப்பார்கள். எந்தக் காட்சி எந்த இடம், எந்த நடிகர், பகலா இரவா என்று துண்டு துண்டாக அடுக்கி நாட்களாக மாற்றுவார்கள். ஒரு நடிகரின் கால்ஷீட் இடையில் உடைந்தால் காசு போகும் இடம் இதுதான். சின்ன பட்ஜெட்டில் படம் எடுக்க நினைப்பவருக்கு இப்படி இரண்டு பேர் பக்கத்தில் இருப்பது பெரிய பலம்.

இந்த நிறுவனம் எடுத்த 'பிராமிசிங் யங் வுமன்' 23 நாளில் முடிந்த படம். நூறு பக்கத் திரைக்கதை என்று வைத்துக்கொண்டால்கூட நாளுக்கு நாலுக்கு மேல். சாதாரணமாக சினிமாவில் இரண்டு மூன்று பக்கம் எடுத்தாலே நல்ல நாள். சீரியலில் வேலை பார்த்தவருக்கு அந்த எண் பயமுறுத்தாது. அதை எழுதி இயக்கிய எமரால்ட் ஃபெனல் அந்தப் படத்துக்குத் திரைக்கதைக்கான ஆஸ்கர் வாங்கினார்.

2022இல் 'ஆம்ஸ்டர்டாம்', 'பாபிலோன்' இரண்டும் வசூலில் படுத்தன. மறு வருடம் 'பார்பி'. வேறு ஒரு ஸ்டூடியோவில் வருடக்கணக்காக நகராமல் கிடந்த பொம்மைக் கதை. உரிமை கைமாறியதும் லக்கிசாப் எடுத்துக்கொண்டு இயக்குநர் கிரெட்டா கெர்விக்கிடம் போனது. நூறு கோடி டாலர் வசூலாகும் என்று ஸ்டூடியோக்காரர்களிடம் சொன்னதாகவும், கொஞ்சம் மிகைப்படுத்தினேனோ என்னவோ என்றும் ராபி பிறகு சொன்னார். வந்தது சுமார் 144 கோடி. 2024 ஆஸ்கரில் நடிகைக்கான பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று பெரிய சர்ச்சை எழுந்தது. சிறந்த படத்துக்கான பட்டியலில், தயாரிப்பாளராக, இருந்தது. அதைச் சிலர்தான் கவனித்தார்கள்.

அந்தப் படத்தில் பார்பி ஹை ஹீல்ஸைக் கழற்றிவிட்டு வெளியே கால் வைப்பாள். குதிகால் தரையில் இறங்காமல் வளைந்தபடியே நிற்கும். சில நொடி ஷாட், கால் மட்டும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்: காலை உருவும்போது ஷூவும் கூடவே வரும், இல்லாவிட்டால் சாயும். உடம்பு எடை முழுக்க முன்பாதத்தில் விழுவதால் கெண்டைக்கால் நடுங்கும், அந்த நடுக்கம் க்ளோசப்பில் தெரியும். ஷூ நகராதபடி தரையில் இருபக்கமும் ஒட்டும் டேப் போட்டார்கள். தலைக்கு மேலே, ஃபிரேமுக்கு வெளியே ஒரு கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு எடையைக் கைக்கு மாற்றினார். இந்த மாதிரி ஷாட்டுக்கு வேறு ஒருவர் காலை வைப்பதுதான் வழக்கம். தன் கைக்கும் காலுக்கும் இன்னொருவரை வைப்பது ராபிக்குப் பிடிக்காது. எட்டு டேக் அளவில் முடிந்தது.