அரை மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன்

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில்தான் வீட்டில் ராப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். சென்னையில் இதைவிட மோசமான நேரம் கிடையாது. மைக்கைப் போட்டால் ஃபேனை நிறுத்த வேண்டும். வீடு பெரம்பூரில், ரயில் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. தலைக்கு மேல் நாள் முழுக்க வெயில் குடித்த மொட்டை மாடி. ஃபேன் இல்லாமல் மூன்று நிமிடம் தாங்கலாம். அதற்குமேல் வாயிலிருந்து வருவது ராப் இல்லை, புலம்பல்.

எழுதி வைத்திருந்தது 16 பார், அதாவது தாளத்தின் 16 சுற்று. பீட் 90 பிபிஎம், நிமிடத்துக்கு 90 தட்டு. நான்கு தட்டு கொண்ட ஒரு பாருக்கு இரண்டே முக்கால் நொடிகூட இல்லை. மொத்தமும் 43 நொடிக்குள் முடிந்துவிடும். அந்த 43 நொடியை ஒழுங்காகச் சொல்ல ஐந்து மாதம் ஆனது.

முதல் பதிவை நினைத்தால் இப்போதும் கூச்சம். ஆன்லைனில் மலிவாக வாங்கிய கண்டென்சர் மைக். அது வேலை செய்யவே வெளியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் கேட்கும் சாதி என்று தெரியாமல் நேராக லேப்டாப்பில் செருகிவிட்டேன். குரலைவிட ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல்தான் கூட. பிறகு மைக்குக்கு மின்சாரம் கொடுத்துக் குரலை லேப்டாப்புக்கு அனுப்பும் பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று கைக்கு வந்தது, இரைச்சல் போனது. ஆனால் மைக் இப்போது எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக் குக்கர், கீழே ஆட்டோ, தூரத்தில் ரயில். ஆளரவம் இருக்காது என்று விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் குயில். மே மாதத்துக் குயிலுக்கு இரக்கமே கிடையாது, ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிட ஒரு படி மேலே போகும்.

அந்தப் பதிவை அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். “கதவைச் சாத்திக்கிட்டு யாரைடா திட்டுற?” என்றார். இன்னொரு முறை கேட்டுவிட்டு, “மாடியில படம் விட்டேன்னு வருதே, என்ன படம்?” என்றார். நான் எழுதியிருந்தது ‘பட்டம் விட்டேன்’. மைக் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். நானும் அதை நம்பினேன்.

ஆகவே அடுத்த ஆறு வாரம் பொருள்களோடு போனது. அண்ணாச்சி கடையில் முட்டை அட்டை கேட்டு வாங்கி மைக்குக்குப் பின்னால் சுவரில் ஒட்டினேன். அறை அசிங்கமானதைத் தவிர ஒரு மாற்றமும் இல்லை. மெல்லிய அட்டை குரலை எங்கே உறிஞ்சும்? பத்துக்குப் பத்து அறை, வழவழ தரை, ஒரு இரும்பு பீரோ. கை தட்டினால் ‘ட்ரிங்’ என்று ஓர் ஒலி சுவருக்குச் சுவர் பந்தாடும். சத்தமாகச் சொன்னால் பீரோ கதவும் கூடவே ரீங்காரம் போடும்.

உதவியது ஊரிலிருந்து வந்த இலவம்பஞ்சு மெத்தை. அதை வைக்கும் இடத்தையும் முதலில் தப்பாகத்தான் யோசித்தேன். இந்த வகை மைக் முன்னால் இருப்பதைத்தான் நன்றாகக் கேட்கும். அதாவது என்னையும், எனக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். அதனால் மெத்தை நிற்க வேண்டியது என் முதுகுக்குப் பின்னால். அதை அங்கே நிமிர்த்தி வைத்தேன், பீரோமீது கனமான போர்வையைத் தொங்கவிட்டேன், அறையின் நடுவில் நிற்பதை விட்டேன். அன்று இரவு பதிவு செய்ததைக் கேட்டபோது குளியலறையிலிருந்து வெளியே வந்த மாதிரி இருந்தது.

மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் நண்பன் ஒருவன் தன் கச்சேரி மைக்கை இரவல் தந்தான். ஷ்யூர் எஸ்எம்58. 1966ல் வந்த சாமான், இன்றைக்கும் மேடைக்கு மேடை அதுதான். இதற்கு 48 வோல்ட் வேண்டாம். தூரத்து ரயிலை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது, ஆனால் கிட்டே போக வேண்டும். கண்டென்சருக்கு ஒரு சாண் தூரம் என்றால் இதற்கு நாலு விரல். இன்னும் நெருங்கினால் குரலில் அடித்தொனி ஏறிக் கனக்கும். வீடியோக்களில் பார்த்தபடி வலைத்தலையைக் கையால் பொத்திக்கொண்டு பாடிப் பார்த்தேன். நண்பன் கையைத் தட்டிவிட்டான். “மச்சி, பக்கத்துல இருக்குற ஓட்டையை அடைச்சா அது எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிச்சுடும். ஸ்டைலுக்கு மேடையில புடி, வீட்ல வேணாம்.”

இவ்வளவும் ஆனபிறகு கம்ப்ரஸர் போட்டேன், ஐந்தாறு டெசிபல் அமுங்குகிற அளவுக்கு. மெத்தைக்கு முன்னாலேயே இதைச் செய்து பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டது தனிக் கதை. கம்ப்ரஸர் உரத்த இடத்தை அமுக்கும். பிறகு நாம் மொத்தத்தையும் தூக்கிவிடுவோம். கூடவே அறையின் எதிரொலியும் தெருவும் தூக்கப்படும். அறை கெட்டிருந்தால் அதை இன்னும் தெளிவாகக் கேட்கலாம், அவ்வளவுதான்.

இப்போது சுத்தமான பதிவு. அம்மாவிடம் மறுபடி போட்டேன். மறுபடியும் படம்.

ஹெட்போனில் அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினேன். அம்மா சொன்னது சரி. நான் ‘படம்’ என்றுதான் சொல்லியிருந்தேன். ‘எட்டு’ என்பது ‘எடு’ ஆகியிருந்தது. ‘பாட்டு’, ‘பாடு’ ஆகியிருந்தது. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன்தான் நான். வேகம் கூடியதும் அந்த அரை மாத்திரையைத்தான் முதலில் விழுங்கியிருக்கிறேன். சில மொழிக்காரர்களுக்கு உச்சரிப்பு கொஞ்சம் மங்கினால் சொல் மங்கும். நமக்கு ஒற்று போனால் சொல்லே வேறாகிவிடுகிறது. நான் அத்தனை நாள் ஈக்யூவில், அதாவது குரலின் அடி, நடு, உச்சத் தொனிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் கருவியில், மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றி ஏற்றித் ‘தெளிவு’ தேடிக்கொண்டிருந்தேன். வாயில் இல்லாத ஒற்றை எந்த ஈக்யூ கொண்டுவரும்?

அதன்பிறகு இரண்டு வாரம் மைக்கைத் தொடவில்லை. தாளம் தட்டும் மெட்ரோனோமை 60ல் வைத்து, தொடையில் தட்டிக்கொண்டு, ட்ட, த்த, க்க வரும் இடத்தில் நாக்கை வேண்டுமென்றே ஒரு கணம் நிறுத்திச் சொல்லிப் பழகினேன். ‘யார் தைத்த சட்டை தாத்தா தைத்த சட்டை’ இதற்கு நல்ல மருந்து. 60லிருந்து ஐந்தைந்தாக ஏற்றினேன். 80ல் மறுபடி ஒற்றுகள் காணாமல் போயின. அப்போதுதான் எழுத்தையே சந்தேகித்தேன்.

எண்ணிப் பார்த்தால் சில பார்களில் மூச்சுவிட இடமே வைக்கவில்லை. மூச்சு தீரத் தீர நாக்கு குறுக்கு வழி தேடும். ஒற்றைத் தின்பது அந்தக் குறுக்கு வழி. இன்னொன்று, பள்ளிப் பழக்கத்தில் வரிகளின் தொடக்கத்தில் எதுகையாக அடுக்கியிருந்தேன். ராப்பில் காது காத்திருப்பது பாரின் கடைசித் தட்டுக்கு, அதாவது இயைபுக்கு. முன்னால் அலங்காரம், பின்னால் நெரிசல். ஆகவே ஒவ்வொரு பாரிலும் முன்பாதியிலிருந்து ஒன்றிரண்டு சொற்களை எடுத்தேன். அழகான ஒரு வரி முழுதாகப் போயிற்று, வருத்தம்தான். நாலாவது தட்டு முடிந்ததும் ஒரு சின்ன இடைவெளி விட்டு, தாளில் அந்த இடத்தில் ஒரு கமா போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் கடைசியில், ஃபேன் இல்லாமலும் தாங்கக்கூடிய ஒரு மழை இரவில், எட்டாவது டேக்கில் வந்தது. உச்சம் மைனஸ் பத்து டெசிபலைத் தாண்டாமல் வைத்திருந்தேன். முன்பெல்லாம் ஒலி எல்லை மீறிச் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் கெத்து என்று நினைப்பேன். 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை வெட்டினேன், ரயிலின் அதிர்வு பெரும்பாலும் அதோடு போயிற்று. ‘ச’ சீறும் இடத்துக்கு, அந்தச் சீறலை அடக்கும் டீ-எஸ்ஸர் கொஞ்சம். வரிக் கடைசிச் சொற்களை மட்டும் இன்னொரு முறை சொல்லி, சத்தம் குறைத்து அடியில் வைத்தேன். அதே டிராக்கை காப்பி செய்து வைத்தால் சத்தம்தான் ஏறும், கனம் வராது. இரண்டாவது தடவை உண்மையிலேயே சொல்ல வேண்டும்.

அம்மா சாப்பாட்டுக்குப் பின் ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும், “நீ எங்கடா பட்டம் விட்ட?” என்றார். “விட்டது உங்க சித்தப்பா. நீ நூல்கண்டைப் பிடிச்சுக்கிட்டு நின்ன.”

நூல்கண்டு. இரண்டு ஒற்று. அந்த பாரில் இடம் இருக்கிறதா என்று தொடையில் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.