வள்ளியின் ஆட்கள் இப்போது எங்கே?

மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்துவிட்டால் ஆரம்பப் பிரிவில் எங்களுக்குத்தான் வேலை. தேர்ச்சி அறிக்கை எழுத வேண்டும், புள்ளி கூட்ட வேண்டும். பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். வெள்ளவத்தையில் நான் படிப்பிக்கும் நான்காம் தரத்தில் அந்த நாட்களை வீணாக விட எனக்கு மனம் வருவதில்லை. மேசை துடைப்பது, சுவரில் ஒட்டிய சித்திரங்களைக் கழற்றி அவரவரிடம் கொடுப்பது எல்லாம் ஒரு காலையில் முடிந்துவிடும். மீதி நாட்களை இந்த முறை இலங்கையின் ஆதிவாசிகளான வேடரைப் பற்றிப் பேச ஒதுக்கினேன்.

வேடர் என்றால் யார் என்று கேட்டேன். வள்ளி என்றார்கள். கொழும்பில் முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் தேர் பார்த்து வளரும் பிள்ளைகள் அல்லவா. சரி, வள்ளியின் ஆட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? “அது அந்தக் காலம் டீச்சர்” என்றான் ஒருவன். ஆண்டிறுதிக் கலைவிழாக்களில் இலைப்பாவாடை கட்டி, முகத்தில் கரி பூசி ஆடவைக்கும் ‘வேடர் நடனம்’ எனக்குப் பிடிக்காததற்குக் காரணமே இந்தப் பதில்தான். அதைப் பார்க்கிற பிள்ளை, அப்படிப்பட்ட மனிதர்கள் எப்போதோ முடிந்துபோய்விட்டார்கள் என்றுதான் நினைக்கும்.

பழைய கலண்டர் தாள்களை ஒட்டித் தரையில் விரித்து இலங்கைப் படம் வரைந்தோம். முதல் புள்ளி, ஆதி மனிதர் வாழ்ந்த களுத்துறை மாவட்டத்துப் பாஹியங்கல குகை. அங்கே கிடைத்த எலும்பு அம்பு முனைகளில் சில 48,000 ஆண்டுகள் வரை பழையவை. அந்த மனிதர்கள் குரங்கையும் அணிலையும் வேட்டையாடிச் சாப்பிட்டார்கள் என்றதும் வகுப்பே கூச்சல் போட்டது. மரத்துக்கு மரம் தாவுகிற அணிலை அடிக்க எவ்வளவு குறி வேண்டும் என்று யோசிக்கச் சொன்னேன். கூச்சல் மெல்ல மெல்லக் கேள்விகளாக மாறியது.

அடுத்த புள்ளி மஹியங்கனைக்குப் பக்கத்தில் வேடர் வாழும் தம்பானை. மூன்றாவது, மட்டக்களப்பு மாவட்டத்து வாகரை. அந்தப் பக்கத்து வேடர் பேசுவது தமிழ், பலருக்குத் தொழில் மீன்பிடி என்றேன். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினாள். “எங்கட அம்மம்மா வாகரை. வேடர் ஆக்கள் அங்க தேன் கொண்டுவந்து குடுக்கிறவங்க டீச்சர்!” அதுவரை ‘அந்தக் காலம்’ என்றிருந்த வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. நான் ஒரு வாரம் பேசியிருந்தாலும் அப்படிப் பதிந்திருக்காது.

தம்பானைப் பக்கத்து மதுரு ஓயாக் காட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிப்போனேன். இடைவேளையில் அவர்கள் எப்போதும் இருக்கும் வேப்பமரத்தைச் சுற்றிச் சோக்கால் கோடு போட்டேன். “இன்றிலிருந்து இதற்குள் யாரும் வரக்கூடாது. மரத்தைப் பாதுகாக்கத்தான். உங்களுக்கு மதிலோரம் வேறு இடம் தருகிறேன்.” மதிலோரத்தில் நிழலே இல்லை. “நாங்க மரத்துக்கு ஒண்டும் செய்யேல்லயே!” என்று ஒருத்தி அழாத குறை. கேட்காமல் கோடு போட்டது அநியாயம் என்றார்கள். அப்புறம் வகுப்புக்கு வந்து சொன்னேன்: 1983 இல் மதுரு ஓயாவைத் தேசிய பூங்காவாக அறிவித்தபோது தம்பானை வேடரின் வேட்டைக் காடு அதற்குள் போய்விட்டது. பெரும்பாலான குடும்பங்கள் மகாவலி ஆற்றுத் திட்டத்தில் அமைத்த குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. தலைவர் திசாஹாமியும் சில குடும்பங்களும் போக மறுத்து அங்கேயே இருந்துவிட்டார்கள்.

“அவங்க ஒருத்தரிட்டயும் சொல்லேல்லயா?” என்றான் முதலில் ‘அந்தக் காலம்’ என்றவன். சொன்னார்கள். திசாஹாமியின் மகன் வன்னில எத்தோ 1996 இல் ஜெனீவாவுக்கே போய் ஐ.நா. கூட்டத்தில் பேசினார். அவர்தான் இன்றைக்கும் தம்பானையின் தலைவர் என்றதும் படத்தில் அந்தப் புள்ளியை ஓடிப்போய்ச் சிவப்பில் பெரிதாக்கினான்.

பெற்றோர் வந்த நாளில் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டினோம். கீழே பிள்ளைகள் எழுதிய வசனங்களில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: ‘வாழ்ந்தார்கள்’ வேண்டாம், ‘வாழ்கிறார்கள்’ என்று எழுதுங்கள். வாகரை அம்மம்மாவும் அன்று வந்திருந்தார். அடுத்த வருடம் அவருடைய ஊர்ப்பக்கத்து வேடர் ஒருவர் சூமில் எங்கள் வகுப்போடு பேச முடியுமா என்று கேட்டேன். “அவங்களுக்கு விருப்பமோ எண்டு முதல்ல கேட்டுத்தான் சொல்லுவன், பிள்ளை” என்றார். அவர் போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.